டம்மி அவுட்புட்

ரங்கூன்,
ஞாயிறு இரவு

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு என் சோம்பல் பாதிக் காரணம், ஒரு லேப்டாப் மீதிக் காரணம். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். இங்கே யாருக்கும் அது கதையாகவே படவில்லை. வீட்டில் சொன்னதற்கு, "சத்தம் வந்துடுச்சுல்ல, சாப்பிட வாங்க" என்றாள்.

மற்ற சேதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. இப்போது டிவியில் கீழே ஓடும் எழுத்தையெல்லாம் எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறாள். கரண்டு முறை வைத்து வருகிறது, முறை தவறியும் வருகிறது. நடுராத்திரி ஒரு மணிக்கு விளக்கு எரிந்தால் தெருவே எழுந்து மோட்டார் போடுகிறது, சோறு வடிக்கிறது, துணி தேய்க்கிறது. நாம் உட்காரும் டீக்கடையில் இன்னமும் பையனை முத்தச் சத்தம் கொடுத்துத்தான் கூப்பிடுகிறார்கள். சென்னைக்குப் போன புதிதில் நீ பழக்கதோஷத்தில் ஓட்டலில் அப்படிக் கூப்பிட்டு மாட்டிக்கொண்டாயே, அதை நினைத்தால் எனக்கு டீ புரையேறிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோயில் மண்டபத்தில் ஞாயிறு தமிழ் வகுப்பை இந்த வருஷம் என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினான்கு பிள்ளைகள். வீட்டிலும் தெருவிலும் பர்மிய மொழிதான். எழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதில் குறை இல்லை. தகராறு எல்லாம் ரகரத்தில். பர்மிய மொழியில் ர என்று எழுதி ய என்று வாசிப்போமே, அந்த வழக்கம் வாயிலேயே தங்கிவிட்டது. (ரங்கூன் யாங்கோன் ஆனதும் இதே கணக்குதான். 1989-ல் மாற்றியது ஆங்கிலப் பெயரை. பர்மிய எழுத்தில் ஊர் பெயர் அன்றும் இன்றும் ஒன்றே.) ஆக, பிள்ளைகள் வாயில் மரம் 'மயம்', கரும்பு 'கயும்பு', ராஜா 'யாஜா'. திருத்தினால், "அதைத்தானே சார் சொன்னோம்" என்கிறார்கள். நிஜமாகவே அவர்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தன் குரலைத் தானே கேட்டால் உறைக்கும் என்று தோன்றியது. ஃபோனில் செய்யலாமே என்பாய். செய்து பார்த்தேன். பதினான்கு தலையும் ஒரு ஃபோனுக்குள் புகுந்ததுதான் மிச்சம். அப்போதுதான் கோயில் குடும்பம் ஒன்று பழைய லேப்டாப் ஒன்றைத் தந்தது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு தந்தார்கள். நான் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். அலமாரியில் கிடந்த பென்டிரைவில் டெபியன் என்ற லினக்ஸ் இருந்தது, 2021-ல் வந்த 11-ஆம் பதிப்பு. அதையே நிறுவிவிட்டேன்.

திரை, கீபோர்டு எல்லாம் கேட்காமலே வேலை செய்தன. தமிழும் பர்மிய எழுத்தும் சரியாக வந்தன. யூனிகோடுக்கு ஒத்துவராத ஸோஜி எழுத்துருவை வைத்துக்கொண்டு நாங்கள் இங்கே பட்ட பாடு உனக்குத் தெரியும். 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறியாகிவிட்டது, நீ இருந்து பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. எல்லாம் இருக்க, சத்தம் மட்டும் இல்லை. ஒலி அமைப்பைத் திறந்தால் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயர்: டம்மி அவுட்புட். பெயர் வைத்தவனுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ.

உடனே நீதான் ஞாபகம் வந்தாய். நம்ம கடையில் சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு ரெட்ஹேட் லினக்ஸோடு மல்லுக்கட்டிய மழைக்காலம் நினைவிருக்கிறதா? கார்டு எந்த வழியில் மெஷினோடு பேச வேண்டும் என்று நாமே எண் கொடுக்க வேண்டிய காலம்: போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. எனக்கு அது இன்னமும் தூக்கத்தில் வரும். நெட்வொர்க் கார்டும் அதே ஐஆர்க்யூ 5-ஐப் பிடித்து உட்கார்ந்திருந்தது. ஒன்றைச் சரி செய்தால் மற்றது செத்துப்போகும். மூன்றாம் நாள் நீ ஸ்குரூடிரைவரோடு நெட்வொர்க் கார்டையே பிடுங்கி வைத்தாய், ஒலிக் கார்டை அமைக்கும் எஸ்என்டி-கான்ஃபிக் ஓடியது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் குரல் வந்தது: நான் லினஸ், லினக்ஸை இப்படித்தான் உச்சரிக்கிறேன் என்று. கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்கள் வைத்திருந்த ஒலிக்கோப்பே அதுதான். நீ லைனக்ஸ் என்று பந்தயம் கட்டியிருந்தாய், நான் லினக்ஸ். மனுஷன் 'லீனுக்ஸ்' என்பதுபோல் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் தோற்று மொஹிங்கா தின்ற காசை ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.

நீ விமானம் ஏறிய 2003 டிசம்பரில்தான் லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் 2.6 பதிப்பும் வந்தது. ஒலி வேலையைப் பார்க்கும் ஆல்சாவை உள்ளேயே வைத்து வந்தது அது. அப்புறம் யாரும் ஐஆர்க்யூ தேடி அலைவதில்லை. இப்போது தேட வேண்டியது வேறு.

கடையில் பழகிய கை சும்மா இருக்குமா? கெர்னல் எழுதும் குறிப்புகளைக் காட்டும் டிமெசெக் போட்டு, ஒலி பற்றிய எஸ்ஓஎஃப் என்று வரும் வரிகளை மட்டும் அரித்து எடுத்தேன். ஒரு சிவப்பு வரி: ஃபர்ம்வேர் கேட்டேன், கிடைக்கவில்லை, பிழை கழித்தல் 2. அந்த 2 என்றால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று அர்த்தம், அவ்வளவுதான். டிரைவர் இருக்கிறது, கார்டும் இருக்கிறது. இந்தக் காலத்து லேப்டாப்பில் ஒலிக்கென்று தனியாக ஒரு குட்டிச் செயலி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மெஷின் எழும்போதும் அதற்கு ஃபர்ம்வேர் என்ற நிரலை ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்குச் சோறு இல்லை, ஆகவே குழந்தை வாய் திறக்கவில்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. டிரைவர்களுக்கான அமைப்பு இருக்கும் மோட்ப்ரோப் கோப்புறையில் ஒரு கோப்பு வைத்து, டிஎஸ்பி டிரைவர் சமம் 1 என்று ஒரே ஒரு வரி எழுதினால், கெர்னல் அந்தக் குட்டிச் செயலியைக் கண்டுகொள்ளாமல் பழைய எச்டிஏ டிரைவரை வைத்து ஓட்டிவிடும். எழுதினேன். ரீபூட் செய்தேன். ஸ்பீக்கர் பாடியது! தெருவில் ஒருவரை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன், நல்லவேளை சொல்லவில்லை. மைக்கைக் காணோம். திரைக்கு மேலே இருக்கும் இரண்டு பொட்டு ஓட்டை, அதுதான் மைக்; அதன் கம்பி நேரே அந்தக் குட்டிச் செயலிக்குத்தான் போகிறது. செயலியைத் தாண்டிப் போனால் மைக்கும் போச்சு. பாட்டுக் கேட்கிற ஆளுக்கு இந்த ஒரு வரி போதும். எனக்கு மைக் இல்லாத லேப்டாப் எதற்கு? எழுதிய வரியை அழித்தேன்.

ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு என்று ஒரு பொதி இருக்கிறது, அது வேண்டும். ஆனால் டெபியன் 11-ல் அது, முழுச் சுதந்திரம் இல்லாத நிரல்களை ஒதுக்கி வைக்கும் நான்-ஃப்ரீ பகுதியில் கிடக்கிறது. பொதிகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட்டைத் திறந்து அந்தப் பகுதியை நாமே சேர்க்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அந்த நிரல் பெயரே சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர். மூல நிரல் திறந்துதான் கிடக்கிறது, யாரும் வாசிக்கலாம், மாற்றலாம். ஆனால் கடையில் வாங்கும் பெரும்பாலான லேப்டாப்பில், சிப்பு செய்தவன் கையெழுத்துப் போட்ட பிரதியைத்தான் செயலி ஏற்கும். நான் திருத்திக் கட்டிய பிரதியைத் துப்பிவிடும். அடுக்களையைத் திறந்து காட்டி, சமையல் குறிப்பையும் கொடுத்து, நீ சமைத்ததை மட்டும் பரிமாற விடமாட்டேன் என்கிற கதை. டெபியன்காரர்கள் அதைத் தனியாக ஒதுக்கி வைத்தது நியாயம்தான். ஒரு மணிக்குக் கரண்டு வந்து, மூன்று மணிக்குப் போவதற்குள் ஃபோனைக் கேபிளில் கட்டி இணையம் பிடித்தவனுக்கு அந்த நியாயம் உறைக்காது, அதுவும் உண்மை.

டெபியன் 12 போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12-லிருந்து இப்படிப்பட்ட ஃபர்ம்வேரை நிறுவும் வட்டிலேயே சேர்த்துவிட்டார்கள், தெரியும். என்னிடம் இருந்தது அலமாரிப் பென்டிரைவ். புதிதாக இறக்குகிற அளவுக்கு இணையமும் கரண்டும் சேர்ந்து இருந்தால் நான் ஏன் உனக்குக் காகிதத்தில் எழுதுகிறேன்?

பொதி இறங்கியது, ரீபூட், டம்மி அவுட்புட் மறைந்து கார்டின் பெயர் வந்தது. ஒலிக் கருவிகளைப் பட்டியலிட ஏப்ளே போட்டுப் பார்த்தால் அனலாக், எச்டிஎம்ஐ எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மைக் பேசுகிறது, பதிவும் ஆகிறது. ஸ்பீக்கர் ஊமை! நேற்றுப் பாடிய அதே ஸ்பீக்கர். எல்லா ஒலியையும் நிர்வகிக்கும் பல்ஸ்ஆடியோவை நிறுத்தினேன், எழுப்பினேன், திட்டினேன். இரண்டு ராத்திரி. இரண்டாம் ராத்திரி முடியப்போகும் நேரத்தில்தான் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆல்சாமிக்ஸரைத் திறந்து எஃப்6 அழுத்த வேண்டும் என்று தோன்றியது. சும்மா திறந்தால் பல்ஸ்ஆடியோவின் ஒற்றைத் தூண்தான் தெரியும், நிஜக் கார்டு எஃப்6-க்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பார்த்தால் ஸ்பீக்கர் தூணுக்கு அடியில் எம்எம். ம்யூட்! டிரைவர் மாறியதும் கார்டு புதுப் பெயரில் வந்திருக்கிறது. பழைய பெயருக்குச் சேமித்த அளவெல்லாம் அதற்குச் சேராது. எம் விசையை ஒரு தட்டு தட்டினேன், எம்எம் போய் ஓஓ ஆயிற்று. ஸ்பீக்கர்-டெஸ்ட்டில் ஒரு பெண் குரல், "ஃப்ரண்ட் லெஃப்ட்" என்றது. ஆல்சாகன்ட்ரோல் ஸ்டோர் அடித்து அந்த நிலையைச் சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே, "ம்யூட்டைப் பாருடா" என்றிருப்பாய்.

இன்று வகுப்பில் வைத்தேன். ஒலிப்பதிவு நிரலான ஆடாசிட்டியைத் திறந்து நான் முதலில் 'மரம்' சொன்னேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், நடுவில் இடுப்பு சுருங்கினாற்போல ஓர் இடம் தெரிகிறது. நாக்கு நுனி மேலே ஒரு தட்டு தட்டி விலகுமே, அந்தக் கணம். நொடியில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. கடைசி வரிசையில் இருக்கும் ஏழு வயதுப் பெண்ணை அழைத்தேன். 'மயம்' என்றாள். அவள் கோடு கொழுத்த வெள்ளரிக்காய் மாதிரி வழவழவென்று இருந்தது, இடுப்பே இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு மைக் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஆறாவதோ ஏழாவதோ தடவை இடுப்பு விழுந்தது. "சார், ஒடிஞ்சிருச்சு!" என்று கத்தினாள். அப்புறம் பதினான்கு பேருக்கும் ஒடிக்க வேண்டும். மரத்தை ஒடித்து, கரும்பை ஒடித்து, பேட்டரி தீர்ந்ததும்தான் விட்டார்கள். 'ஃப்ரண்ட் லெஃப்ட்' குரலை இரண்டு பையன்கள் அப்படியே பழகிவிட்டார்கள், அது வேறு தொல்லை.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ரகரம் வரும் சொற்கள் ஐம்பது தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் குரலில் நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு. என் குரலையே எத்தனை வாரம் கேட்பார்கள்? பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிடப் போகும்போது செய்யாதே, பஸ் சத்தம் விழும். வீட்டில் அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுச் செய். உனக்குத்தான் நிறுத்துவதற்குக் கரண்டு இருக்கிறதே.

உன் மச்சான்