முதல் நாளே அந்தப் பட்டியல் வேண்டும்

எங்கள் அம்மா தங்கியிருக்கும் முதியோர் இல்லத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்கே தெரியும், முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோவைரஸ் இல்லத்தில் பரவியபோது நீங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்: “சாதாரண வாந்தி பேதிதான், ஓரிரு நாளில் சரியாகிவிடும்.” நல்ல உடம்போடு இருக்கும் நடுத்தர வயதுக்காரருக்கு அது உண்மை. 1 முதல் 3 நாள் படுத்திவிட்டுப் போய்விடும். உங்கள் இல்லத்தில் தங்கியிருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல.

அம்மாவுக்கு இதய நோய். கால் வீக்கத்துக்காக தினமும் நீர் பிரியும் மாத்திரை உண்டு. வாந்தியும் பேதியுமாகக் கிடந்தபோதும் அந்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன், சீட்டில் எழுதியிருந்ததைத்தான் அவர் செய்தார். ஆனால் பேதியில் நீர் போய்க்கொண்டிருந்தவருக்கு, மாத்திரையும் சேர்ந்து இருந்த நீரை வெளியேற்றிக்கொண்டிருந்தது. உள்ளே போனதோ இரண்டு மடக்கு. மறதி நோய் இருப்பதால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் அம்மாவால் முடியாது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது என்பது முதியோரைப் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் தெரிந்த விஷயம். மருத்துவரைக் கூப்பிட்டு, “இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று நான் கேட்டபோது, பதில் சொல்ல ஒரு குறிப்புகூட உங்களிடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொற்று தெரிந்த முதல் நாளே, இது யாருக்கெல்லாம் முற்றக்கூடும் என்ற பட்டியல் செவிலியர் கையில் இருக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோர் என்று எழுதினால் மொத்த இல்லமும் வந்துவிடும், அது போதாது. இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையாலோ மாற்று உறுப்புக்கான மருந்தாலோ எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் என்று பெயர் பெயராக வேண்டும். இந்தக் கடைசி வகையினரின் உடம்பில் வைரஸ் மாதக்கணக்கில்கூடத் தங்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களையும் சேருங்கள், வாந்தி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். அப்புறம், வாய்விட்டுச் சொல்ல முடியாத அம்மா மாதிரியானவர்கள். இவர்கள் எவ்வளவு குடித்தார்கள், எவ்வளவு சிறுநீர் போனது என்று வேளைக்கு வேளை எழுதி, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாசலுக்கு வாசல் சானிடைசர் வைத்திருக்கிறீர்கள். ஆல்கஹால் இந்த வைரஸிடம் சரியாக எடுபடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். தரைக்கும் கழிப்பறைக்கும் பிளீச்சிங் கரைசல் வேண்டும். சம்பளம் பிடிப்பீர்கள் என்ற பயத்தில் உங்கள் ஊழியர்கள் பேதியோடு வேலைக்கு வந்தார்கள். அறிகுறி நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் திரும்ப வர வேண்டும், அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுப்பது உங்கள் பொறுப்பு. ஒருவர் நிலைமை மோசமானால் “வயசாச்சு” என்று முடித்துவிடும் பழக்கம் எங்களை எவ்வளவு வதைக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வயதானவர் என்பதால்தானே கூடுதலாகக் கவனிக்க வேண்டும்!

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு பகலாக உழைக்கும் உங்கள் ஊழியர்கள் மேல் எங்களுக்கு நன்றி உண்டு. மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: முதல் நாளே அந்தப் பட்டியல் வேண்டும். அம்மாவின் நோய்கள், மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தருகிறேன், மற்ற குடும்பங்களிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளை எப்போது நிறுத்தி வைப்பது என்று மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
அங்கே தங்கியிருக்கும் ஒரு தாயின் மகள்