அப்பாரு நினைவு நாளுக்கு நீ அனுப்பிய பணம்

சென்னிமலை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. உன் தாத்தா, நம் அப்பாரு நினைவு நாளில் இருநூறு பேருக்கு அன்னதானம் செய்யச் சொல்லியிருந்தாய். போன வருடமும் அதைத்தான் செய்தோம். பந்தியில் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். என்னையும் சேர்த்து முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் வயிறாரச் சாப்பிடுகிறவர்கள். நம் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கும் தறிக்காரப் பாட்டி மட்டும் வரவில்லை.

அவர் நிலைமை எனக்கு ரேஷன் கடையில்தான் தெரிய வந்தது. கைரேகை இயந்திரத்தில் ஒவ்வொரு விரலாக வைத்தார்; முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். நாற்பது வருடம் நூல் சுற்றித் தேய்ந்த விரல் எதுவும் பதியவில்லை. பிறகு பையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். நம் பக்கத்தில் பசி அப்படித்தான் இருக்கிறது கண்ணு, கையேந்தி வாசலில் வந்து நிற்காது.

கடைக்கு வர முடியாத முதியவர்களுக்காக வேறொருவர் பொருள் வாங்கிக்கொள்ள அங்கீகாரச் சான்று தருகிறார்கள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமில் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது அவருக்கும் தெரியாது, அதுவரை எனக்கும் தெரியாது. பெருந்துறை சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் கதையும் இதுதான். தங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அட்டையை வைத்தே இங்கே அரிசி வாங்கும் வசதி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது; கடைக்காரரிடம் அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் உடன் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

அரிசி இலவசம்தான். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பது நமக்கு ஒரு காசா? ஆனால் கையில் காசே புழங்காத வீட்டில் அரிசியை மட்டும் பொங்கி, உப்பும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு மாதத்தை ஓட்டுகிறார்கள். ஆகவே உன் பணத்தை நம் மளிகைக் கடையில் முன்பணமாகக் கொடுத்து, நான்கு வீடுகளின் பெயரில் பற்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பருப்பு, எண்ணெய், முட்டை என்று வேண்டியதை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கொடுத்தது யார் என்று கடைக்காரர் வாய் திறக்கமாட்டார்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை ஏன் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தாய். அதில் நான் ஒரு முறை சூடுபட்டவன். விடியற்காலையில் சமைத்த சாம்பார் சாதத்தையும் தேங்காய் அரைத்த கூட்டையும் மாலை நான்கு மணிக்கு ஒரு லைன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்; இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றால் போயிற்று. இப்போதெல்லாம் பந்திக்கு வராமல் பாத்திரத்திலேயே இருப்பதை, சூடு ஆறுவதற்குள், இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருமென்றால்தான் எடுக்கிறேன். உண்மையில் நம்மவர்கள் கௌரவத்துக்காக எழுநூறு பேர் வரும் கல்யாணத்துக்கு ஆயிரம் இலை போடச் சொல்வதை நிறுத்தினாலே போதும். சமையல்காரரிடம் சரியான கணக்கைச் சொல்ல ஏனோ யாருக்கும் மனம் வருவதில்லை.

வருகிற முகாமில் பாட்டியின் விண்ணப்பத்தில் என் பெயரைத்தான் எழுதப்போகிறோம். அப்பாரு நாளன்று வீட்டில் படையல் மட்டும் போடுவோம். அரிசிம்பருப்புச் சோறு ஒரு தூக்குப்போசி நிறைய பாட்டி வீட்டுக்குப் போகும். மறுநாள் அதே போசியில் அவர் போட்டனுப்பும் முருங்கைக்காயை உன் அம்மா ஒருநாளும் வேண்டாமென்று சொல்வதில்லை.

மாப்பிள்ளையையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா