எங்கள் இல்லத்தின் ஓராண்டு

அன்பு நண்பா,

நலமா? உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆண்டு முடியட்டும், ஆற அமர எழுதுவோம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். நேற்றுத்தான் இல்லத்தின் புள்ளிப் பதிவேட்டை முடித்துக் கொடுத்தேன். போட்டிகளுக்காகப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்திருக்கும் நான்கு இல்லங்களில் எங்களுக்கு மூன்றாம் இடம். நீ முகம் சுளிப்பாய், தெரியும். நாம் படித்த காலத்தில் கோப்பையைத் தவிர வேறெதுவும் நம் கண்ணில் பட்டதில்லையே.

பொறுப்பாசிரியராக நிற்கும்போது வேறு ஒன்று தெரிகிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தன் வயதுப் பிள்ளைகளோடு மட்டும்தான் பழக்கம். ஆறாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒன்றாக நிற்பது இல்லத்தில்தான். இந்த ஏற்பாடு இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்தது. அங்கே பிள்ளைகள் உண்மையாகவே ஒரே வீட்டில் தங்கினார்கள், பொறுப்பாசிரியரும் உடன் இருந்தார். பகல் பள்ளிகள் பெயரையும் போட்டியையும் எடுத்துக்கொண்டன, வீடு விடுபட்டுப் போனது. அதில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்காதா என்பதுதான் இந்த ஆண்டு முழுக்க என் ஆசை.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மேல் வகுப்பிலிருந்து ஓர் அண்ணனையோ அக்காவையோ துணையாக விட்டேன். வாரம் ஒருமுறை மதிய இடைவேளையில் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் பெரியவர்கள் ஒரு மூலை, சின்னவர்கள் ஒரு மூலை. எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

அப்புறம் விளையாட்டு விழா வந்தது. சின்னப் பெண்களுக்கான 4x100 மீட்டர் அஞ்சலோட்டம். கடைசிக் கைமாற்றத்தில் எங்கள் பிள்ளை கோலைத் தவறவிட்டாள். தவறவிட்டவரே எடுக்க வேண்டும் என்பது விதி. கோல் உருண்டு போக, அவள் ஓடிப் பொறுக்கி வந்து கொடுப்பதற்குள் மற்ற மூன்று இல்லங்களும் ஓடி முடித்துவிட்டன. கடைசியாக ஓடியவள் அப்போதும் வேகத்தைக் குறைக்கவில்லை. கோலை விட்டவள் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் போவதற்குள் அவளுக்குத் துணையாக விட்டிருந்த அக்கா இறங்கி வந்துவிட்டிருந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் காலணி நாடாவை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போகாமல் திரும்பிவிட்டேன். அந்த வாரத்திலிருந்து மதிய இடைவேளையில் மூலைகள் இல்லை.

இப்போது நன்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன், எல்லாம் கையால். பயிற்சிக்காக விடியும் முன்னே மைதானக் கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்கு முதல் கடிதம். இரவெல்லாம் உட்கார்ந்து கொடிகளைத் தைத்த அம்மாக்களுக்கு, விவாதப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த பழைய மாணவர்களுக்கு. எந்தப் போட்டியிலும் சேராமல், ஆண்டு முழுவதும் தண்ணீர்க் குடம் சுமந்த ஒரு பையனுக்கு மட்டும் இரண்டு பக்கம் போய்விட்டது. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

உனக்கும் ஒன்று கடன் இருக்கிறது. பேச்சுப் போட்டியில் பாதியில் எனக்கு எல்லாம் மறந்துபோன அன்று, இல்லத் தலைவனான நீ மேடைக்குப் பின்னால் வந்து ஒன்றும் பேசாமல் என்னோடு உட்கார்ந்திருந்தாயே. அந்த அக்காவைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. அன்று உனக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அடுத்த விளையாட்டு விழாவுக்குக் கட்டாயம் வா. எங்கள் கூடாரத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்