தலைப்பில் விழுந்துபோன ஒரு சொல்

அறிவியல் செய்தி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் ஒரு பகா எண் செய்திக்கு வந்தது நினைவிருக்கும். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் அது. 4,10,24,320 இலக்கம். 'உலகின் மிகப் பெரிய பகா எண்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அதைப் படித்த என் மகள், "அப்போ இதோட முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள்.

முடியவே முடியாது. 'இதுவரை தெரிந்ததில்' என்பதுதான் தலைப்பில் விழுந்துவிட்டது. இடம் போதவில்லை போலிருக்கிறது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் காட்டி சுமார் 2,300 ஆண்டு ஆகிறது. கையில் இருக்கும் பகா எண்களை எல்லாம் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். அவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். அப்படியானால் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கோ இருந்தாக வேண்டும். வருகிற எண்ணே பகா எண் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அதுவும் தவறு. 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 30,031. அது 59 × 509.

அப்புறம், வங்கிப் பாதுகாப்புக்கு இந்த எண் உதவும் என்று செய்திகளில் சேர்க்கிற வரி. தயவுசெய்து விட்டுவிடுங்கள். அங்கே தகவலைப் பூட்டிவைக்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்கு 300 சொச்சம் இலக்கமுள்ள பகா எண்கள் போதும், அவை ரகசியமாகவும் இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த எண்ணை வைத்து யார் பூட்டுவார்கள்?

சரி, எதை எழுதலாம்? எப்படிச் சோதித்தார்கள் என்பதை எழுதுங்கள். இந்த எண்ணைக் கண்டுபிடித்த லூக் டுரான்ட் ஏற்பாடு செய்திருந்த கணினிகளில், அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு ஜிபியு (வரைகலைச் செயலி) 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இன்னொன்று லூக்காஸ்-லெமர் சோதனையில் அதை உறுதிசெய்தது. பயங்கரமான பெயர், ஆனால் சோதனை பள்ளிக்கூடக் கணக்குதான். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண். 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 31. அதற்கு 4, 14, 8, 0. மூன்றே சுற்று! சான் அன்டோனியோ ஜிபியு செய்ததும் இதையேதான், 13,62,79,839 சுற்று.

என் மகள் 11-ஆம் அடுக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று குறைத்தால் 2047. ஒன்பது சுற்று போய் 1736-இல் நின்றது. "பூஜ்யம் வரலையே" என்று முகத்தைச் சுளித்தாள். அன்று இரவே 2047-ஐ 23 × 89 என்று உடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அன்புடன்,
ஒரு வாசகன்