பட்டியலில் நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்

இளையோருக்கான பாலின அடையாள மருத்துவ சேவைகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம் தன்னுடையதல்ல என்று மனதில் இருப்பதை வீட்டில் சொல்லவே ஒரு பிள்ளை எத்தனையோ நாள் தயங்கியிருக்கும். ஒருவழியாகச் சொல்லி, பெற்றோரோடு மருத்துவரிடம் போய், பரிந்துரைக் கடிதமும் வாங்கியாயிற்று. அப்புறம் எந்தத் தகவலும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே அரசு மருத்துவ சேவையில் சிறப்பு மருத்துவரின் சிகிச்சை 18 வாரங்களுக்குள் தொடங்க வேண்டும் என்பது விதி. இந்தச் சேவையிலோ முதல் சந்திப்புக்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. லண்டனில் டாவிஸ்டாக் என்ற மருத்துவ நிறுவனத்தில் இளையோருக்காக இயங்கிய சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டபோது 5,000-க்கும் அதிகமானோர் காத்திருந்தார்கள். புதிய மையங்கள் திறந்ததால் மட்டும் அந்தப் பட்டியல் கரைந்துவிடவில்லை.

12 வயதில் பட்டியலில் சேர்ந்த பிள்ளைக்கு முறை வருவதற்குள் குரல் உடைந்திருக்கும், அல்லது மாதவிடாய் தொடங்கியிருக்கும். மருத்துவரிடம் பேச நினைத்த விஷயமே மாறிப்போயிருக்கும். 16 வயதில் சேர்ந்தவர் 18 ஆனதும் பெரியவர்களுக்கான பட்டியலுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஆண்டுக்கணக்கில்தான்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகள் தருவது பற்றிக் கடுமையான கருத்து வேறுபாடு இருக்கிறது. இந்தச் சேவைகளை ஆராய இங்கிலாந்து அரசு மருத்துவ சேவை நியமித்த மருத்துவர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் தந்த அறிக்கை, அவற்றுக்கான ஆதாரம் பலவீனமானது என்றது. அதை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. சரி, அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் முதல் சந்திப்பில் யாரும் ஊசி போடப்போவதில்லை. உட்கார்ந்து கேட்பார்கள். மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறதா, பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, வீட்டில் நிலைமை எப்படி என்று விசாரிப்பார்கள். மருந்து வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இதை மறுக்க மாட்டார்கள். இதற்கா இத்தனை ஆண்டுகள்?

புதிய மருத்துவர்களைப் பயிற்றுவிக்கக் காலம் பிடிக்கும், புரிகிறது. அதுவரை இதையாவது செய்யுங்கள். பட்டியலில் பெயர் ஏறிய மாதமே ஒருவர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசட்டும். முறை உத்தேசமாக எப்போது வரும் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லுங்கள். தவித்துப்போகும் இரவில் யாரை அழைப்பது என்று ஓர் எண் கொடுங்கள். மனநல ஆலோசனையை முதல் சந்திப்புவரை தள்ளிவைக்காதீர்கள். 18 வயது ஆனவரை அனுப்பும்போது, அவர் ஏற்கெனவே காத்திருந்த காலத்தையும் கணக்கில் சேர்த்து அனுப்புங்கள்.

முதல் அழைப்புகளை இந்த மாதமே தொடங்கலாம். நெடுநாளாகக் காத்திருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளைகள்மேல் அக்கறை கொண்ட ஒருவர்