பெயரை அடிப்பதற்கு முன் ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள்

விடிய விடியத் தறிச்சத்தம் கேட்கிற எங்கள் ஊர் லுத்தரன் துவக்கப் பள்ளியின் தாளாளர் ஐயாவுக்கும், தலைமையாசிரியை அம்மாவுக்கும், சபைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உங்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமல்ல. கேட்டைப் பூட்டுவது, சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டு மடக்குவது, வராத பிள்ளையின் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிடுவது, இதைப் பற்றியெல்லாம் நேரில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை "பார்க்கலாம்" என்றீர்கள். இரண்டாம் தடவை மீட்டிங் இருந்தது. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். காலையில் உங்கள் கேட் முன்னால் ஹாரன் அடித்துத் திட்டு வாங்குகிற ஆட்டோக்காரன். பதினோரு வருடமாக உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி வருகிறேன். ஒரு நடைக்கு எத்தனை பேர் என்பதை மட்டும் இதில் எழுத மாட்டேன், ஆர்டிஓ ஆபீசிலும் தமிழ் படிப்பார்கள். நான் ஐந்தாவது வரை படித்ததும் இதே பள்ளியில்தான். என் அப்பா இந்தச் சபையில் உபதேசியாராக, அதாவது ஐயருக்கு உதவியாகச் சபை ஊழியம் செய்கிறவராக இருந்தவர்.

ஜூன் மாதம் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய பள்ளி டிசி எல்லாம் இருந்தால்தான் சேர்க்கை விண்ணப்பமே தரப்படும். சபைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, ஞானஸ்நானச் சான்று கொண்டுவர வேண்டும். காலை 9.10க்கு கேட் பூட்டப்படும். தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையின் பெயர் நீக்கப்படும், மறுபடி சேர வேண்டுமானால் அடுத்த ஜூன்தான். கீழே பள்ளி முத்திரை.

முதலில் கேட் விஷயம். அதில் பாதி நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பத்து மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு "தூங்கிட்டானுங்க" என்று சிரிக்கிற அப்பாக்களை நானே பார்த்திருக்கிறேன். நானும் சில நாள் பங்க்சர், சில நாள் கேஸ் பங்கில் வரிசை என்று தாமதித்திருக்கிறேன். ஆனால் உங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் தறிக்குடோனில் வேலை செய்கிறவர்கள். நைட் ஷிப்ட் ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை. மாற்று ஆள் வந்து தறியைக் கைமாற்றிக்கொண்டால்தான் கிளம்ப முடியும். எட்டேகாலுக்கு லைன் வீட்டுக்கு வந்து, பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, பிள்ளையை எழுப்பி, குளிக்க வைத்து, தலைபின்னி அனுப்ப வேண்டும். 8.50க்கு நான் போய் நிற்கும்போது பல வீடுகளில் ஒரு ஜடைதான் முடிந்திருக்கும். இன்னொரு ஜடையை ஆட்டோவில் பெரிய பிள்ளை போட்டுவிடும்.

போன மாதம் ஒரு நாள் 9.14க்கு வந்து சேர்ந்தோம். மற்ற பிள்ளைகளை முதல் நடையில் இறக்கிவிட்டேன், இது கடைசி வீட்டு இரண்டாம் வகுப்புப் பெண். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அண்ணன் பாவம், "ஒம்போது பத்துக்கு மேல உடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, நான் என்னங்க பண்றது" என்றார். உள்ளே அசெம்பிளியில் குறள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றபடியே கூடச் சொன்னாள். முழுக்குறளும், பொருளும். வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போனால் உள்ளே தாழ்ப்பாள், அம்மா அசந்து தூங்குகிறார், தட்டினாலும் எழவில்லை. மத்தியானம் வரைக்கும் ஸ்டாண்டில் என்னோடுதான் இருந்தாள். அன்று இரண்டு சவாரி வந்தது, இரண்டுக்கும் அவளும் வந்தாள். உங்கள் ஆப்பில் அன்று அவளுக்கு 'ஆப்சென்ட்' என்று ஏறியிருக்கும். நாலு நிமிடத்துக்கு ஒரு முழு நாள்.

காலைச் சாப்பாட்டையும் இதோடு சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் ஆரம்பித்த காலை உணவு, 2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளன்று கிராமத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கப்புறம் என் ஆட்டோவில் நடந்த மாற்றம் எனக்குத்தான் தெரியும். முன்னெல்லாம் நான் பிள்ளைகளை விரட்டுவேன். இப்போது அவர்கள் என்னை விரட்டுகிறார்கள்: "மாமா, சீக்கிரம் போங்க, கிச்சடி ஆறிப்போயிரும்!" நேரத்துக்கு வரவைக்கப் பூட்டைவிட சாம்பார் நன்றாக வேலை செய்கிறது.

பெற்றோர்களே, உங்களையும் விடப்போவதில்லை. மாதக் கடைசியில் வாடகைக் கணக்கில் சண்டை வரக் கூடாது என்று, வராத பிள்ளைகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அந்த நோட்டைப் புரட்டினால் அதிகம் விடுபடுகிற நாள் திங்கட்கிழமை. காரணம் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை சம்பளம், ராத்திரியே ஊருக்குப் பஸ், ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டில் சீர், திங்கட்கிழமை அலுப்பு. மாரியம்மன் நோம்பி (திருவிழா) வந்தால் கம்பம் நட்டதிலிருந்து மஞ்சள் நீர் முடிகிற வரைக்கும் சில பிள்ளைகளைக் கண்ணில் பார்க்க முடியாது. சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலைநாள். மாதம் இரண்டு திங்கள் போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு சொல்லிக்கொடுத்த அன்று வராதவன் நாலாம் வகுப்பு வரைக்கும் விரலை விட்டு எண்ணிக்கொண்டிருப்பான். அந்த ஒருவன் நான்தான், அதனால் சொல்கிறேன்.

சரி, சேர்க்கைக்கு வருகிறேன். ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு என்பது அரசு வைத்த கணக்கு, அதில் பேச எதுவும் இல்லை. மற்றதில் இருக்கிறது. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில், வயதுச் சான்று இல்லையென்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 14ஆவது பிரிவு சொல்கிறது. டிசி வரத் தாமதமாவதைக் காரணம் காட்டக் கூடாது என்று 5ஆவது பிரிவு. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்று 15ஆவது பிரிவு. இதைச் சொன்னபோது கமிட்டியில் ஒருவர், "அது நம்மைக் கட்டாது, நாம் சிறுபான்மைப் பள்ளி" என்றார். உண்மைதான். உதவிபெறும் பள்ளியானாலும் சிறுபான்மைப் பள்ளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரியா என்று பார்க்கச் சொல்லி 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் பெரிய அமர்வுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள், அது தனிக்கதை. என் கேள்வி வேறு. சட்டம் கட்டாது என்றால் அதைவிடத் தாராளமாக நடந்துகொள்ளவும் நமக்கு உரிமை இருக்கிறதே? அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு நமக்குப் பள்ளி நடத்தும் உரிமையைக் கொடுத்தது, ஒடிசாவிலிருந்து வந்த தறிக்காரர் பிள்ளையிடம் டிசி கேட்டு மடக்குவதற்கா?

சபைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சபைப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பார்க்கிறேன், நிறையப் பேர் வருகிறார்கள். திங்கட்கிழமை காலையில் அவர்கள் மெட்ரிக், சிபிஎஸ்இ என்று மஞ்சள் பஸ்ஸில் எனக்கு எதிர்த்திசையில் போகிறார்கள். கமிட்டி வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பள்ளியில் இப்போது அறுபதை ஒட்டித்தான் பிள்ளைகள். அறுபது வரைக்கும் இரண்டு ஆசிரியர், அறுபத்தோராவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியர் என்பது கணக்கு. ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். அதனால்தான் ஜூலை மாதம் டீச்சர்கள் வெயிலில் லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கிப் பிள்ளை கேட்டார்கள். என் ஆட்டோவில்தான் போனார்கள். வாடகை வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். அப்படி வீடு தேடிப்போய்ச் சேர்த்த பிள்ளையைத்தான் செப்டம்பரில் வீட்டுக்குப் போகாமலே நீக்கினீர்கள்.

அந்தப் பையன் மூன்றாம் வகுப்பு. ஒடிசா, பலாங்கீர் பக்கம். இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது, கொங்குத்தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவான், "ஏனுங் மாமா" என்றுதான் ஆரம்பிப்பான். ஆகஸ்ட் கடைசியில் அவர்களுக்குப் புதுநெல் நோம்பி, நுவாக்காய் என்கிறார்கள். அதுக்காகக் குடும்பத்தோடு தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். போன இடத்தில் தாத்தா படுத்துவிட்டார், பத்து நாளில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடித்துத் திரும்ப டிக்கெட் கிடைக்கவில்லை. என் நோட்டுப்படி ஆகஸ்ட் 25இலிருந்து வரவில்லை. செப்டம்பர் 26, காலாண்டுப் பரீட்சையின் கடைசி நாள், மொட்டைத் தலையோடு ஆட்டோவில் ஏறினான். 33ஆவது நாள்.

அந்த முப்பதை எப்படி எண்ணினீர்கள் என்று கேட்கிறேன். சனி, ஞாயிறு, விநாயகர் சதுர்த்தி, மிலாடி நபி எல்லாம் சேர்த்துத்தானே? பள்ளி நடந்த நாளை மட்டும் எண்ணினால் 22தான் வருகிறது. சரி, அதையும் விடுங்கள். அவன் அப்பாவின் போன் நம்பர் உங்கள் ரிஜிஸ்டரில் இருந்தது. யாராவது கூப்பிட்டார்களா? 'எமிஸ்' என்கிற அரசின் மாணவர் பதிவேட்டு இணையதளத்தில் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்குத் தள்ளியாயிற்று என்று சொன்னார்கள். இனி எந்தப் பள்ளி வேண்டுமானாலும் அவனை எடுத்துக்கொள்ளலாமாம். எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அடுத்த பள்ளிக்கு மெயின் ரோட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர். அவன் இப்போது குடோன் மூலையில் காலிக் கோன்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருக்கிறான். இரண்டு மூன்று மாதம் போனால் அந்தக் கோனில் நூல் இருக்கும். தறிக்குடோனில் பிள்ளைகள் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான், அதை எடுத்துக் கொடு என்றுதான் ஆரம்பிக்கிறது.

இந்த அக்டோபர் 31ஆம் தேதி சீர்திருத்தத் திருநாள். ஆலயத்தில், நம் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன்காரர் மார்ட்டின் லுத்தரைப் பற்றிப் பிரசங்கம் இருக்கும், சபையின் தவறுகளை எழுதி விட்டன்பர்க் ஆலயக் கதவில் ஆணி அடித்ததைப் பற்றி. எனக்கு அப்பா சொன்ன லுத்தர் வேறு. 1524இல் அவரும் ஒரு திறந்த மடல் எழுதினார், ஜெர்மனியின் எல்லா நகர சபைகளுக்கும். துப்பாக்கிக்கும் பாலத்துக்கும் ரோட்டுக்கும் வருடா வருடம் செலவு செய்கிறீர்களே, பிள்ளைகளுக்கு வாத்தியார் வைக்க ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். பிள்ளை இல்லாவிட்டால் வீட்டு வேலை நடக்காது என்று சொல்கிறவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. பையன்கள் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரமாவது பள்ளிக்கு வரட்டும், மீதி நேரம் வீட்டில் தொழில் கற்றுக்கொள்ளட்டும், பெண்பிள்ளைகளும் ஒரு மணி நேரம் வரட்டும் என்றார். இன்றைக்கு ஒரு மணி நேரப் பள்ளி போதும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் வீடு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் நேரம் குறித்தார், அதைச் சொல்கிறேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அடுத்த வருடமே பள்ளி வைத்தார், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. அவர்கள் டிசி கேட்டிருந்தால் என் பாட்டனுக்குப் பாட்டன் கைநாட்டுத்தான்.

அப்பா திங்கட்கிழமை சாயங்காலம் சைக்கிளை எடுப்பார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயரை டீச்சர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார். சில வீட்டில் காய்ச்சல், சில வீட்டில் மாடு மேய்க்க ஆள் இல்லை, ஒரு வீட்டில் போட்டுக்கொள்ள நிக்கர் இல்லை. நிக்கர் இல்லாத பையனுக்கு என்னுடையது போனது. அப்போது எனக்கு அழுகையாக வந்தது, இப்போதும் லேசாக வருத்தம்தான், நல்ல நிக்கர்.

கேட்பது இவ்வளவுதான். 9.30 வரைக்கும் கேட்டைத் திறந்து வையுங்கள், தாமதம் என்று குறித்துக்கொண்டு உள்ளே விடுங்கள், அடிக்கடி தாமதித்தால் பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், என்னையும் கேளுங்கள். சான்றிதழ் இல்லாமல் வருகிற பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, சான்றிதழ் வாங்க அவர்களுக்கு வழி காட்டுங்கள். நோம்பி கடைசி நாளுக்கு உள்ளூர் விடுமுறை விட்டு ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள். மூன்று நாள் வராவிட்டால் ஒரு போன், பத்து நாள் வராவிட்டால் ஒரு ஆள் வீட்டுக்கு. அப்புறமும் ஆள் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று தெரிந்தால் பெயரை அடியுங்கள், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

வீட்டுக்குப் போக வண்டி வேண்டுமானால், செவ்வாயும் வியாழனும் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை எனக்குச் சவாரி கிடையாது.

அந்தப் பையன் வீடு, பெரிய தறிக்குடோனுக்குப் பின்னால் மூன்றாவது லைனில் கடைசிக் கதவு. வேப்பமரத்தில் சிவப்பு சைக்கிள் டயர் தொங்கும். அம்மாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். எட்டேகாலுக்கு மேல் ஒன்பதுக்குள் போனால் விழித்திருப்பார்.

இப்படிக்கு,
காலை இரண்டாம் நடை ஆட்டோக்காரன்