துக்கத்தோடு வருகிறவர்களுக்கும் சாட்சி நேரத்தில் இடம் கொடுங்கள்

வடசென்னைத் திருச்சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் பெண்கள் ஐக்கியப் பொறுப்பாளர்களுக்கும்,

கர்த்தருக்குள் அன்பின் ஸ்தோத்திரம்.

இராயபுரத்தின் பழைய ஆலயங்கள் தொடங்கி வியாசர்பாடி, கொடுங்கையூர் சந்துகளில் வாடகை மாடியில் கூடும் சிறு சபைகள் வரை, நம் ஆராதனைகளில் சாட்சி நேரத்துக்குத் தனி இடம் உண்டு. கடன் தீர்ந்தவர்களும், குழந்தை வரம் பெற்றவர்களும், அறுவை சிகிச்சையில் பிழைத்தவர்களும் எழுந்து நன்றி சொல்கிறார்கள். சபை அல்லேலூயா சொல்கிறது. அந்த மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. ஆனால், இரவெல்லாம் முழங்காலில் நின்றும் பிள்ளையைப் பறிகொடுத்து, அதன்பின்னும் விசுவாசத்தை விடாமல் ஆலயத்துக்கு வருகிற தாய்க்குச் சொல்வதற்குச் சாட்சி எதுவும் இல்லை என்பது போலவே நாம் நடந்துகொள்கிறோம். அப்படிப்பட்ட தாய்மாரில் நானும் ஒருத்தி.

என் மூத்த மகன் கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனான். காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். முப்பதாம் நாள் ஜெபக் கூட்டம் வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களில் பலர் என்னைத் தேற்றுவதைவிடத் திருத்துவதிலேயே கருத்தாக இருந்தார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படக் கூடாது என்று பவுல் எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினார்கள். தெசலோனிக்கேயருக்கு அவர் அப்படி எழுதியது உண்மைதான். ஆனால் துக்கமே வேண்டாம் என்று எழுதவில்லை. தன் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து வியாதியில் சாகாமல் பிழைத்ததை, தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் காட்டிய இரக்கம் என்று பிலிப்பியருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். "அழாதே" என்று நாயீன் ஊர் விதவையிடம் ஆண்டவர் சொன்னதையும் சிலர் நினைவூட்டினார்கள். அவர் அப்படிச் சொன்ன கையோடு பாடையைத் தொட்டு அவள் மகனை எழுப்பிக் கொடுத்தார். எழுப்பிக் கொடுக்க முடியாத நாம் அந்தச் சொல்லை மட்டும் எடுத்து ஒரு தாயிடம் சொல்வது நியாயமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலய வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், சீட்டில் விட்டிருக்கும் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதிப் போடுவேன். அவன் போன பிறகு ஒரு ஞாயிறன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். கேட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கர்த்தரிடம் பேசாமல் வீடு திரும்பவும் மனம் வரவில்லை. கடைசியில் அவன் பெயரை மட்டும் எழுதிப் போட்டேன். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம் வழக்கமில்லை என்று அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். உபதேசப்படி அவர்கள் சொன்னது சரியே. ஆனால் என் ஜெபம் அவன் ஆத்துமாவுக்காக அல்ல, அவன் இல்லாத வீட்டில் நான் கழிக்க வேண்டிய காலத்துக்காக என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் எனக்குத் துணையாக இருந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருவில் மீன் விற்பவர்; வெள்ளிக்கிழமைகளில் திருவொற்றியூர் வடிவுடையம்மனைக் கும்பிடப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அப்போது நடந்துகொண்டிருந்ததால் அவருக்கு வியாபாரம் இல்லை. சாயங்காலம் வந்து வாசற்படியில் உட்காருவார். சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சரி. விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து போய்விடுவார். பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் யோபுவை நோகடித்தார்கள், பின்னர் கர்த்தரின் கோபத்துக்கும் ஆளானார்கள்.

துக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அதை எடுத்துப்போடும்படி நான் இப்போது ஜெபிப்பதும் இல்லை. அவன் மேல் உள்ள அன்பு அந்த உருவில்தான் என்னிடம் தங்கியிருக்கிறது. இறந்த லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அவன் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு தாமும் கண்ணீர் விட்ட ஆண்டவரோடு பேச, என் கண்ணீரை முதலில் துடைத்துக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை என்று இப்போது தெரிகிறது. மகன் உயிரோடு இருந்த நாட்களில் பெரும்பாலும் தேவைகளைச் சொல்லவே அவரிடம் போனேன். இன்று கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும் அவரிடமே போகிறேன். என் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

ஆகவே, பெரியவர்களே, சாட்சி நேரத்தில் முடிவு நல்லபடியாக அமையாதவர்களையும் பேச அழையுங்கள். அவர்கள் அழுதால் உடனே பாட்டைத் தொடங்கிவிடாதீர்கள். முப்பதாம் நாளோடு வீடு சந்திப்பை நிறுத்தாமல், ஆறாம் மாதமும் ஆண்டு நிறைவிலும் யாரையாவது அனுப்புங்கள். வருகிறவர்கள் வசனத்தோடு வராவிட்டாலும் பரவாயில்லை. 150 சங்கீதங்களில் 88ஆம் சங்கீதம், மற்றப் புலம்பல்களைப் போல நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்தவர்கள் நம் முன்னோர். அந்தச் சங்கீதம் ஆராதனையில் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளை அடுத்து வரும் ஞாயிறன்று அதை முழுவதும் வாசிக்க அனுமதி தாருங்கள். வாசிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு விசுவாசி